வீட்டில் விட்டுவந்த ஒரு கிலோ

பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே கட்டிய கட்டடத்துக்குள் ஒருவன் உண்மையைச் சொல்லிக்கொண்டு நுழைந்தால் என்ன ஆகும் என்று குளத்தாருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாக விமானம் ஏற வந்த மனிதர். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

குளத்தார் என்பது ஊர் வைத்த பெயர். மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஒரு ஓட்டலிலும் இருக்கும் நீச்சல் குளங்களை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர். வெயிலும் மருந்துத் தண்ணீரும் சேர்ந்து தலைமுடியை நார் மாதிரி வெளுக்க வைத்திருந்தன. பக்கத்தில் வந்து நின்றாலே குளோரின் வாசனை அடிக்கும். "உங்களைத் துவைச்சுக் காயப் போட்டாலும் இது போகாது" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு.

ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வங்கி வேலையை உதறிவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவில் குழந்தைகளுக்கு நீச்சல் பள்ளி ஆரம்பிக்கப் போகிறேன் என்றாள். "நான் குளத்துல கிடந்து வெளுத்தது போதாதா, நீயும் வெளுக்கணுமா?" என்று குளத்தார் கேட்டார். கேட்டது அப்பன் மனசுதான். கேட்ட விதம் சரியில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு என்பது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதற்குள் அடங்கிப்போனது.

அந்த மகள் புதன்கிழமை காலை தானாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, தண்ணி பச்சையாயிடுச்சு."

மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வருகிறார். குளத்தின் அடித்தரை கண்ணுக்குத் தெரிந்தால் பள்ளிக்கு அனுமதி. தெரியாவிட்டால் அடுத்த ஆய்வு எட்டு மாதம் கழித்து. எட்டு மாதம் தாக்குப்பிடிக்க அவளால் முடியாது. பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான். தீவில் இருக்கும் ஒரே கடையில் குளோரின் பொடி தீர்ந்து ஒரு வாரமாகிறது.

"நீங்க வந்தாப் போதும்ப்பா," என்றாள்.

மறுநாள் மதியம் ஒரு மணி விமானத்துக்கு அவளே சீட்டு அனுப்பிவிட்டாள். அடுத்த கப்பல் மறுநாள் மாலைதான், அதுவும் பதினெட்டு மணி நேரம்; விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பொடி வாளியை எடுத்து வாசலில் வைத்த குளத்தார், சீட்டில் பொடி எழுத்தில் இருந்ததை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். குளோரின் விமானத்தில் ஏறக்கூடாத பொருள் என்று அதில் இருந்தது. அது சரிதான் என்று அவருக்கும் பட்டது. அந்தப் பொடியின் குணம் அவருக்குத் தெரியும்; மூடிய இடத்தில், வேண்டாத சகவாசத்தோடு வைத்தால் தீயாக எழுந்துவிடும். வாளியைத் திரும்பப் பின்கட்டில் கொண்டு வைத்தார். மருந்து இல்லாவிட்டால் என்ன, தண்ணீரை இறைத்து, தேய்த்து, மறுபடி நிரப்பிவிடலாம். முதுகு ஒடியும், ஒடியட்டும். பிரஷ், இலை அள்ளும் வலை, நாலு சட்டை ஆகியவற்றைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

விமான நிலையத்தில் கவுண்டர் பெண் அவர் பெட்டியை எடை போட்டுவிட்டு, நெருப்பும் சிலிண்டரும் வரைந்த ஒரு அட்டையைக் காட்டினாள். "இந்த மாதிரி அபாயமான பொருள் ஏதாவது வெச்சிருக்கீங்களா சார்?" அவள் அன்று காலையிலிருந்து இருநூறு பேரிடம் அதைக் கேட்டிருந்தாள். இருநூறு பேரும் அட்டையைப் பார்க்காமலே தலையாட்டியிருந்தார்கள்.

குளத்தார் அட்டையை வாங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இல்லம்மா. குளோரின் வாளியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கவுண்டர் பெண்ணின் விரல்கள் அதற்குள் 'குளோரின்' என்று அடித்து முடித்திருந்தன. கம்ப்யூட்டர் 'டொங்' என்றது.

"எங்க இருக்கு சார்?"

"வீட்ல. பின்கட்டுல, வாஷிங் மெஷின் பக்கத்துல."

"கைப்பையிலயா, பெரிய பெட்டியிலயா?"

"வீட்லம்மா."

"வீடுன்னு இதுல இல்ல சார். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுலயும் இல்லியே."

"சரி, பெரிய பெட்டின்னு போடறேன். அளவு எவ்வளவு?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் சைபர் போட்டாள். திரை சிவந்தது. அழித்துப் பார்த்தாள். அபாயப் பொருளின் பெயரை ஒருமுறை உள்ளே விட்டால் அதை அழிக்கும் அதிகாரம் மேலதிகாரிக்கு மட்டும்தான். கவுண்டர் பெண் நல்லவள்; வரிசை நீண்டுகொண்டே போவதையும் பார்த்தாள். "சைபரை ஏத்துக்காது சார். குறைஞ்சது ஒரு கிலோ கேக்குது. ஒண்ணுன்னு போட்டுடறேன், அப்புறம் உள்ள பேசிக் குறைச்சுக்கங்க," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு ஒரு மணியை அழுத்தினாள்.

இப்படியாகக் குளத்தாரிடம் ஒரு கிலோ குளோரின் வந்து சேர்ந்தது.

இரண்டு பேர் வந்து அவரையும் பெட்டியையும் ஒரு தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். ஒருவர் பெட்டி திறப்பவர், மற்றவர் எழுதுகிறவர். திறப்பவர் நாலு சட்டையையும் உதறினார், பிரஷ்ஷின் முடிகளைப் பிரித்துப் பார்த்தார், வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் ஓட்டைகளுக்குள் தேடினார். ஒரு கிலோ கிடைக்கவில்லை. பிறகு ஒரு சின்னத் துணியால் பெட்டியைத் துடைத்து, அதை ஒரு இயந்திரத்தின் வாயில் ஊட்டினார். இயந்திரம் அலறியது. சட்டையைத் துடைத்து ஊட்டினார், அலறியது. குளத்தாரின் உள்ளங்கையைத் துடைத்து ஊட்டியபோது இயந்திரம் கொஞ்ச நேரம் நிறுத்தவே இல்லை.

"வாசனை இருக்கு," என்றார் திறப்பவர்.

"முப்பது வருஷமாவே இருக்குங்க," என்றார் குளத்தார்.

"வாசனை இருந்தா பொருள் இருக்கணும்."

"பொருள் வீட்ல இருக்குதுங்க. அதைத்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்."

"நீங்க சொன்னதை விடுங்க. ஒரு கிலோன்னு பதிவாயிருக்கு. பெட்டியில இல்ல. அப்போ அந்த ஒரு கிலோ இப்போ எங்க?" அவர் எழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கப்பா. பயணி ஒரு கிலோ அபாயப் பொருளை வளாகத்துக்குள் மறைத்துவிட்டார்."

"இல்லாததை எப்படிங்க மறைக்க முடியும்?" என்றார் குளத்தார்.

"அதைத்தான் நாங்களும் கண்டுபிடிக்கப் பாக்கறோம்," என்றார் திறப்பவர் வருத்தமாக.

மணி பன்னிரண்டு. தலைக்கு மேல் போன விவகாரம் என்பதால் அவரைப் பாதுகாப்பு மேலாளரிடம் கொண்டுபோனார்கள். மேலாளரின் அறைச் சுவரில் 'விபத்தில்லா நாட்கள்: 4,112' என்று பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. எண்களைக் கழற்றி மாட்டக் கொக்கிகள் இருந்தன. மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். அவர் கேட்டு வளர்ந்தவர் அல்ல, பேசி வளர்ந்தவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"உக்காருங்க பெரியவரே. பயப்படாதீங்க. பதினோரு வருஷமா இங்க ஒரு விபத்துகூட நடந்ததில்லை. எப்படின்னு நினைக்கிறீங்க? விபத்து நடந்தா நிரப்பற படிவம் நாப்பத்திரண்டு பக்கம். அதை நான்தான் வடிவமைச்சேன். அதை நிரப்பப் பயந்துக்கிட்டு எவனும் விபத்துன்னு எழுதறதே இல்ல. போன மாசம் ஒரு குப்பைத் தொட்டி எரிஞ்சுது. 'எதிர்பாராத வெளிச்சம்'னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுதான் ஒழுக்கம்."

"சார், என் விமானம் ஒரு மணிக்கு…"

"பயணியோட பாதுகாப்புதான் எங்களுக்கு முதல். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அதுக்கு எப்பவும் இடைஞ்சலா இருக்கறது பயணிதான். பயணி இல்லாத நாள்ல இந்த நிலையம் எவ்வளவு பாதுகாப்பா இருக்கும் தெரியுமா? ஒருதரம் புயல் வந்து மூணு நாள் மூடினோம். நிம்மதியா இருந்தேன்."

குளத்தார் கையெடுத்துக் கும்பிட்டார். மகளைப் பற்றி, பச்சைத் தண்ணீரைப் பற்றி, சனிக்கிழமை பத்து மணியைப் பற்றிச் சொன்னார். "மூணு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கா சார். நான் போகலைன்னா அவ்வளவுதான்."

மேலாளர் கல்நெஞ்சர் அல்லர். கோப்பைப் புரட்டிப் பார்த்து யோசித்தார். "உங்க பிரச்சினை ரொம்பச் சின்னது. ஒரு கிலோவுக்குக் கோப்பு திறந்தாச்சு. ஒரு கிலோ வந்தா கோப்பு மூடிடும். நீங்க ஒரு கிலோ குளோரினை எங்ககிட்ட ஒப்படைச்சுட்டா, கையெழுத்துப் போட்டுட்டு ஓடிப்போய் ஏறிடலாம்."

"நான் எங்க சார் போவேன் அதுக்கு?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "எங்ககிட்டயே இருக்கு. பறிமுதல் அறையில போய் ஒண்ணு எடுத்துக்கங்க. எடுத்து எங்ககிட்டயே குடுத்துடுங்க."

திருடாமலே திருட்டுப்பொருளை ஒப்படைக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. குளத்தார் அதைப் பற்றி யோசிக்காமல், மேலாளரின் பின்னாலேயே ஓடினார்.

பறிமுதல் அறையின் கதவில் 'மிகப் பாதுகாப்பான இடம்' என்று எழுதியிருந்தது. உள்ளே அறைக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பயணிகளிடமிருந்து பிடுங்கிய சாமான்கள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தன. எந்த முறையில் என்று கேட்டால், பிடுங்கிய தேதி வரிசையில். ஆகவே குளோரின் பொடிக்குப் பக்கத்தில் கழிவறை ஆசிட் இருந்தது. அதற்குப் பக்கத்தில் லைட்டர்கள் ஒரு கூடை. அதன் மேல் நகப்பூச்சு அழிக்கும் திரவம், எஞ்சின் எண்ணெய் டப்பாக்கள், பட்டாசு. பாதுகாப்பு கருதி ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். ஒரு பொடிப் பை ஓரத்தில் கிழிந்து தரையில் வெள்ளையாகச் சிந்தியிருந்தது. அதற்கு ஓரடி தள்ளி, ஒரு குளோரின் வாளியின் மேல் கெட்டிலை வைத்து, அறைக்காரர் டீக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வாளிதான் சரியான உயரம்," என்றார் அறைக்காரர்.

குளத்தாரின் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஒருமுறை அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரே ஒரு தப்பான டப்பாவைத் திறந்து இரண்டு புருவத்தையும் இழந்தவர். இங்கே நூறு கூட்டாளிகளின் புருவத்துக்குச் சரக்கு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு பேர் பெட்டியும் குழந்தையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல அந்தக் கெட்டிலை அணைங்க. எல்லாரும் வெளிய போங்க. ஜன்னலைத் திறங்க. பொடி தனியா, ஆசிட் தனியா, எண்ணெய் தனியா போகணும். இப்பவே!"

முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கத்தியதில்லை.

"சாமான்களைத் தொட உங்களுக்கு அதிகாரம் இல்லையே," என்றார் மேலாளர். "அதுக்கு அபாயப் பொருள் ஆலோசகர் வேணும்."

"அவரைக் கூப்பிடுங்க!"

"அந்தப் பதவி ஏழு வருஷமா காலியா இருக்கு."

குளத்தார் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. இப்போது ஒரு பையை எடுத்து நீட்டிவிட்டு ஓடினால் நிம்மதியாக விமானம் ஏறிவிடலாம். அறை எக்கேடு கெட்டால் அவருக்கென்ன? ஆனால் கால் நகரவில்லை. "அப்போ என்னையே போடுங்க," என்றார்.

மேலாளருக்கு முகம் மலர்ந்தது. காலிப் பதவியை நிரப்புவது போன்ற மகிழ்ச்சி அவருக்கு உலகத்தில் வேறில்லை. ஐந்து நிமிஷத்தில் 'தற்காலிக அபாயப் பொருள் ஆலோசகர்' என்ற அட்டை குளத்தாரின் கழுத்தில் தொங்கியது. அடுத்த இருபது நிமிஷம் அவர் மூச்சுவிடாமல் வேலை செய்தார். ஆணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தார். ஆசிட்டை வெளிவராந்தா நிழலுக்கு அனுப்பினார், பொடியை எதிர்மூலைக்கு நகர்த்தினார், சிந்தியதைக் கவனமாக அள்ளினார். பட்டாசை எடுத்துப் போகச் சொன்னபோது அறைக்காரர் அதைத் தன் நாற்காலிக்கு அடியில் வைக்கப் பார்த்தார், அதையும் தடுத்தார். கடைசியில் கிழிந்த பையில் எஞ்சியிருந்ததை நிறுத்து, சரியாக ஒரு கிலோவை மேலாளரிடம் ஒப்படைத்தார்.

"அருமை," என்றார் மேலாளர். "இப்போ பயணி தன் மேல இருக்கற குற்றத்தை எதிர்த்து மனு குடுக்கலாம். மனுவை விசாரிக்கறவர் அபாயப் பொருள் ஆலோசகர்."

குளத்தார் மனு எழுதினார். அதைத் தானே வாங்கி, தானே படித்து, பயணி குற்றமற்றவர் என்று தீர்ப்பெழுதி, தானே கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு அலுவலகத்தில் அவர் கொடுத்த மனு அன்றைக்கே முடிந்தது. அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடியவர், பன்னிரண்டு ஐம்பதுக்கு விமானத்தின் ஜன்னலோர இருக்கையில் போய் விழுந்தார்.

பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று பக்கத்துச் சீட்டுக்காரர் காட்டிக் கொடுத்தார். இன்னும் பத்து நிமிஷம். பிறகு ஒன்றரை மணி நேரம். மகள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். என்ன பேசுவது என்று யோசித்தார். 'சாப்பிட்டியா'வைத் தவிர வேறு எதிலிருந்தாவது ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

அப்போது கவுண்டர் பெண் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள். கையில் ஒரு சீட்டு.

"சார், நல்லவேளை பிடிச்சுட்டேன்! நீங்க மனுவுல ஜெயிச்சுட்டீங்க. பயணி குற்றமற்றவர்னா பறிமுதல் செஞ்சது தப்புன்னு அர்த்தம். தப்பாப் பறிமுதல் செஞ்ச பொருளைப் பயணியோட அதே விமானத்துலயே திருப்பி அனுப்பணும்னு விதி. உங்க ஒரு கிலோவைக் கீழ சரக்கறையில ஏத்தியாச்சு. இந்தாங்க ரசீது."

குளத்தார் ரசீதைத் திருப்பிப் பார்த்தார். "எதும்மா? அந்தக் கிழிஞ்ச பையா?"

"டேப் ஒட்டியாச்சு சார். அறைக்காரர் கெட்டிக்காரர். இன்னொரு பயணியோட எஞ்சின் எண்ணெய் டப்பாவும் திரும்பிப் போகுது. இடம் மிச்சமாகட்டும்னு ரெண்டையும் ஒரே சாக்குல கட்டிட்டாரு."

அவள் பெருமையாகச் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள்.

குளத்தார் ரசீதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுடைய சின்னக் குளத்துக்கு ஒரு கிலோ தாராளம். இன்று மாலை போட்டால் நாளைக்கே தண்ணீர் மாறிவிடும். எவனுக்கும் தெரியாது, ரசீதுகூட இருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத்தான். ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வாயைத் திறந்துதானே இன்றைக்கு இத்தனை பாடு! முன்சீட்டில் ஒரு குழந்தை சீட்டு இடுக்கு வழியாக அவரைப் பார்த்துக் கையாட்டியது. டேப் ஒட்டிய பையையும் எண்ணெய் டப்பாவையும் அவரால் மறக்க முடியவில்லை. தன் மேலேயே கோபம் வந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"அம்மா, விமானத்தை நிறுத்துங்க!"

பணிப்பெண் உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. சத்தம் கேட்டு விமானி வெளியே வந்தார்.

"என்னங்க ஐயா?"

"கீழ ஒரு கிலோ குளோரின் இருக்கு. எண்ணெய் டப்பாவோட ஒரே சாக்குல."

"யாரோடது?"

"என்னோடதுன்னு எழுதியிருக்குங்க."

விமானிக்கு முகம் மாறியது. "இறக்குங்க," என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்று அந்த நிலையத்தில் பேசப்பட்ட மிகச் சிறிய உரை அதுதான். பொருள் இறங்கினால் பொருளுக்குரியவரும் இறங்க வேண்டும் என்பது விதி. குளத்தார் பெட்டியோடு இறங்கினார். படியில் விமானி அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். ஒன்று இருபதுக்கு விமானம் அவர் இல்லாமல் பறந்தது.

மேலாளர் தன் அறையில் இரண்டு கோப்புகளோடும் ஒரு போட்டோக்காரரோடும் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் நீர் துளிர்த்திருந்தது.

"எங்க வரலாற்றுலயே இப்படி ஒரு நாள் இல்ல பெரியவரே! ஒரு பயணி விழிப்பா இருந்து, அபாயப் பொருள் ஏத்தின இன்னொரு பயணியைப் பிடிச்சுக் குடுத்திருக்கார். பிடிச்சவருக்கு 'விழிப்பான பயணி' சான்றிதழ். எங்க போகவும் ஒரு இலவச விமானச் சீட்டு."

"பிடிபட்டவருக்கு?" என்றார் குளத்தார்.

"ஆறு மாசம் விமானத்துல ஏறத் தடை."

"ரெண்டு பேரும் நான்தானே சார்."

"அதனால என்ன? ரெண்டு ஆளா இருந்திருந்தா ரெண்டு தபால் அனுப்பணும். நீங்க எங்களுக்கு வேலையை மிச்சம் பண்ணிட்டீங்க." அவர் சான்றிதழை வலக்கையிலும் தடை உத்தரவை இடக்கையிலும் கொடுத்து, போட்டோவுக்கு நிற்க வைத்தார். "இந்தச் சீட்டு ஆறு மாசத்துக்குச் செல்லும். அதுக்குள்ள பயன்படுத்திக்கணும்."

பிறகு சுவரில் இருந்த பலகையின் பக்கத்தில் போய், 4,112ஐ எடுத்துவிட்டு 4,113ஐ மாட்டினார். நாள் முடிய இன்னும் பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவருக்கு நம்பிக்கை இருந்தது.

வெளியே வந்து, ஒரு தூணின் ஓரமாக நின்றுகொண்டு குளத்தார் மகளுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"நான் சும்மா உக்காந்திருந்தா இந்நேரம் வந்துக்கிட்டிருப்பேன்மா," என்றார். "உன்னைக் கைவிட்டுட்டேன். மன்னிச்சுடு." மூன்று வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை வேறொரு காரணத்துக்காக வெளியே வந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது.

"அப்பா," என்றாள் மகள். "கப்பல் ஆறு மணிக்கு. நாளைக்கு மதியம் இங்க வரும். அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

குளத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபில்டரைக் கழற்றிக் கழுவு, நாலு சுவரையும் மேலிருந்து கீழாகத் தேய், மூலைகளை விடாதே, அடியில் படிந்ததைக் குழாய் வைத்து வெளியே இழுத்துவிடு என்று பத்து நிமிஷம் சொன்னார். அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் பேசி வெகுகாலமாயிற்று. வீட்டுக்குப் போனதும் மனைவி, "பதறாத காரியம் சிதறாதுன்னு தெரியாமலா சொன்னாங்க," என்று சொல்லிக்கொண்டே பின்கட்டிலிருந்து வாளியைத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் தீவில் இறங்கியபோது மகளின் கைகள் முழங்கை வரை பச்சையாக இருந்தன. தலையில், காதில், புருவத்தில்கூடப் பச்சை. வங்கி வேலை பார்த்த பெண் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுவர்களை அவர் தடவிப் பார்த்தார். ஒரு மூலைகூட விட்டுப்போகவில்லை. அவர் தேய்த்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அதை அவளிடம் வாய்விட்டே சொன்னார். மருந்தைக் கரைத்து ஊற்றும் வேலையை அவளிடமே கொடுத்துவிட்டு, மோட்டாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்த ஆய்வாளர் குளத்தை எட்டிப் பார்த்தார். அடித்தரையின் ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது தண்ணீர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பதினோரு மணிக்குள் பதினேழு குழந்தைகள் உள்ளே குதித்தாயிற்று.

மகள் தண்ணீருக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்தும் இப்போது அந்த வாசனை வந்தது.

"எனக்கு ஒண்ணு புரியலைப்பா. பெட்டியில இல்லாத ஒரு கிலோவுக்கு விசாரணை, மனு, விருது, தடை. நீங்க கொண்டுவந்த வாளியில பத்துக் கிலோ இருந்துச்சே, கப்பல்ல எப்படி விட்டாங்க?"

"கப்பல்காரர் கேட்டாரும்மா, வாளியில என்னன்னு. குளோரின்னேன். மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்தாரு. மேல்தளத்துல, வெயில் படாம, பக்கத்துல எதுவும் இல்லாம வைங்கன்னாரு. வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கப்பல் கிளம்பிடுச்சு."